‘வரேன்’ என்பதன் இறந்தகாலம்

ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் நஸ்ரீன் மிஸ் ஆங்கில வகுப்பு நடத்திவந்தாள். கீழே எந்நேரமும் கூட்டம். மாடிப்படியில் மசாலா வாசம்தான் ஏறி வரும், ஆள் வருவது அபூர்வம். ஆங்கிலத்தைக் கைபேசியிலேயே கற்றுக்கொள்ள ஊர் பழகிவிட்டது. வகுப்பை ஆரம்பித்த அவளுடைய அப்பாவும் காலமாகிவிட்டார். ஆனாலும் அவள் தினமும் பத்து மணிக்குக் கதவைத் திறந்து, பெஞ்சுகளைத் துடைத்து, பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது பச்சையம்மாள் மேலே வந்தாள்.

இந்த மாதிரிக் கதைகளில் நரை குருவுக்குத்தான் இருக்கும். இங்கே சிஷ்யைக்கு இருந்தது. நஸ்ரீனுக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பச்சையம்மாள் அறுபதை நெருங்கியவள். ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவள், இப்போது ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மேல்தோல் தைத்துக் கொடுக்கிறாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது.

"எவ்வளவு இங்கிலீஷ் கத்துக்கணும்மா?" என்று கேட்டாள் நஸ்ரீன்.

"ஒரு வரி போதும் மிஸ்."

"எந்த வரி?"

"நான் வந்தேன்."

நஸ்ரீனுக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கு வகுப்பே வேண்டாம். ‘ஐ கேம்’. அவ்வளவுதான்."

"ஐ கேம்," என்றாள் பச்சையம்மாள். கொஞ்சம் யோசித்தாள். "ஒரு வாட்டி வந்தாலும் இதானா?"

"ஆமா."

"நெறைய வாட்டி வந்தாலும்?"

"அதேதான்."

"அப்ப இது வேணாம் மிஸ்."

நஸ்ரீன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னாள். "யார்கிட்ட சொல்லப்போறீங்க?"

"என் பொண்ணுகிட்ட."

"பொண்ணுக்குத் தமிழ் தெரியாதா?"

"ஒரே ஒரு வார்த்தை தெரியும்," என்றாள் பச்சையம்மாள்.

அவள் சொன்ன கதை சின்னது. புருஷன் செத்துப்போன வருஷம், மூன்று வயசுக் குழந்தை பூங்காவனத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை. வேலூர் போகும் வழியில் மலையடிவாரத்தில் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. சோறு போடுவார்கள், படிக்க வைப்பார்கள் என்றார்கள். பூங்காவனத்தை அங்கே விட்டாள். கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கிளம்பும்போது குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "வரேன்" என்றாள்.

தோல் ஷாப்பில் வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள். ஆனால் அங்கிருந்த ஆயா கேட்டிலேயே நிறுத்திவிட்டாள். "உன்னப் பாத்தா அது அழுவும், அப்பறம் சோறு எடுக்காது. கொஞ்ச நாள் பழகட்டும்." பச்சையம்மாளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொண்டுபோன பன்னைக் கேட்டில் கொடுத்துவிட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். உள்ளே குழந்தைகள் கத்தி விளையாடும். அதில் எது தன் குழந்தையின் குரல் என்று பிரித்துக் கேட்கப் பார்ப்பாள். கேட்டு முடித்ததும் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கேட்டில் பன்னை வாங்கிக்கொள்ள மறுத்தார்கள். குழந்தையை வெளிநாட்டில் யாரோ தத்து எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பேச்சு எங்கே எடுபடப் போகிறது.

பூங்காவனம் இப்போது டென்மார்க்கில் இருக்கிறாள். பெயர் ஆனா. சென்னையில் இப்படிப்பட்டவர்களைத் தேடிச் சேர்த்துவைக்கும் ஓர் அம்மா இருக்கிறார், அவர் மூலம் தாயைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வேலூருக்கு வருகிறாள். வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். தாயைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான். கன்னத்தில் ஒரு விரல், காதில் ‘வரேன்’ என்ற ஒரு சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரையோ கேட்டிருக்கிறாள். ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

"வரேன்னு சொல்லிட்டு ஏன் அப்பறம் வரவே இல்லன்னு கேக்குறாளாம் மிஸ்," என்றாள் பச்சையம்மாள்.

நம்மூரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. கடைக்குப் போகிறவரும், கப்பலேறிப் போகிறவரும் ‘வரேன்’ என்றுதான் கிளம்புகிறோம். அதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை.

"அந்தச் சென்னை அம்மா கூட இருப்பாங்க இல்ல? அவங்களே இங்கிலீஷ்ல சொல்லிடுவாங்களே," என்றாள் நஸ்ரீன்.

"அவுங்க வாயில வந்தா அது அவுங்க பேச்சு மிஸ். ஒரு வரி. அத நானே சொல்லிடறேன்."

நஸ்ரீன் சரி என்றாள். பச்சையம்மாள் எழுந்தாள். "வெள்ளிக்கெழம மட்டும் வரமாட்டேன் மிஸ்."

ஏதோ அம்மன் கோயில் என்று நஸ்ரீன் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

மறுநாள் நஸ்ரீன் பலகையில் தமிழ் எழுத்திலேயே எழுதினாள். ‘ஐ வாஸ் கமிங்’.

"நான் வந்துக்கிட்டு இருந்தேன்னு அர்த்தம்."

"தோ, இதான் மிஸ். வந்துக்கினு இருந்தேன். இதத்தான் நான் கேட்டேன்."

நஸ்ரீன் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தானே தலையாட்டி மறுத்தாள். "இல்லம்மா. இத மட்டும் சொன்னா நீங்க அன்னிக்கு பஸ்ஸுல இருந்தீங்கன்னு ஆயிடும். நீங்க வழியில இருக்கீங்க, அதுக்குள்ள பொண்ணு போயிட்டா. ஒருநாள் கதையாப் போயிடும்."

"ஒருநாள் கதையில்ல மிஸ்."

"தெரியும்." எழுதியதை அழித்துவிட்டு, வேறொன்றை எழுதினாள். ‘ஐ ஹேட் பீன் கமிங்’.

பச்சையம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இம்மா நீளமா?"

"ஆமா."

"எப்ப மிஸ் இத சொல்றது? தமிழ்ல இப்படியெல்லாம் யாரும் பேசறதில்லயே. வந்தேன், வந்துக்கினு இருந்தேன், ரெண்டு போதாதா மனுஷனுக்கு?"

நஸ்ரீனின் அப்பா இருந்திருந்தால் பலகையில் கோடு கிழித்து, கோட்டில் புள்ளி வைத்து, அரைமணி நேரம் விளக்கியிருப்பார். நஸ்ரீன் டஸ்டரை மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க," என்றாள்.

மறுநாள் பச்சையம்மாள் பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். பத்து மணி தாண்டியும் கதவு பூட்டியே இருந்தது. இதுவரை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. சரி, வந்துவிடுவாள் என்று மேல்படியில் உட்கார்ந்தாள். பையில் தைக்க வேண்டிய மேல்தோல்கள் இருந்தன. சும்மா இருப்பானேன் என்று எடுத்து வைத்துத் தைத்தாள். கீழே அண்டாவை இறக்கினார்கள். முதல் பந்தி உட்கார்ந்து எழுந்து போனது. வெயில் படிக்கு வந்து, அவள் முழங்காலுக்கு வந்து, முகத்துக்கும் வந்துவிட்டது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தைத்தாள். மிஸ்ஸுக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து போகலாம் என்று ஒரு தடவை நினைத்தாள். அதற்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்துவிட்டாள்.

உச்சி வெயிலில் நஸ்ரீன் படியேறி வந்தாள். பச்சையம்மாள் சட்டென்று எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வந்து ரொம்ப நேரமாச்சா?"

"இல்ல மிஸ். இப்பதான் வந்தேன்."

நஸ்ரீன் பூட்டில் சாவியைப் போட்டவள் திரும்பினாள். "இப்பதானா?"

"ஆமா மிஸ்."

நஸ்ரீன் குனிந்து படியைக் காட்டினாள். வெட்டிப்போட்ட நூல் துணுக்குகள் படி முழுக்கக் கிடந்தன. அடுத்த படியிலும் கிடந்தன.

"இது என்னம்மா?"

பச்சையம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கூட்டிடறேன் மிஸ்."

"கூட்டாதீங்க. உட்காருங்க." நஸ்ரீனும் அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். "நான் வந்தப்ப நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க. அதத்தான் நான் பாத்தேன். கேட்டா இப்பதான் வந்தேன்னு சொல்றீங்க. நான் நம்பிடுவேனா இல்லயா?"

"நம்பிடுவீங்க."

"நான் வர்றதுக்கு முன்னாடி இங்க ஒண்ணு நடந்துக்கிட்டே இருந்துச்சு. நான் வந்தேன், அது நின்னுபோச்சு. அப்படி நடந்துக்கிட்டிருந்ததுக்குத்தான் ‘ஹேட் பீன்’."

பச்சையம்மாள் நூல் துணுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் பாக்கலன்னாலுமா மிஸ்?"

"யாரும் பாக்கலன்னாத்தான் அத சொல்லியே ஆகணும்."

பிறகு பச்சையம்மாள் கேட்டாள், "இதுக்காகவா மிஸ் என்ன வெயில்ல காய வெச்சீங்க?"

"ஆமா. கோவமா?"

"கோவம் ஒண்ணும் இல்ல. ஒடம்புக்கு முடியலயோன்னு பயந்துட்டேன்."

அப்பா போன பிறகு நஸ்ரீனுக்காகப் பயப்பட ஆளில்லை. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

அன்றிலிருந்து பாடம் அந்த ஒரு வரிதான். தமிழ் நாக்குக்கு மெய்யெழுத்தை அப்படியே விட மனசு வராது, பின்னாலேயே ஓர் உகரத்தைச் சேர்த்து அனுப்பும். ‘ஹேட்டு பீனு கமிங்கு’ என்பாள் பச்சையம்மாள். நஸ்ரீன் திருத்துவாள். மறுபடியும் ‘ஹேட்டு’ வரும். வீட்டில் தைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். ஊசி உள்ளே போகும்போது ‘ஹேட்’, வெளியே வரும்போது ‘பீன்’, நூலை இழுக்கும்போது ‘கமிங்’. அவள் வீட்டில் பேசுவதற்கு ஆள் கிடையாது. ரேடியோ பாடும், இல்லையென்றால் அடுத்த வீட்டுக் குழாயடிச் சத்தம் கேட்கும். அந்த ஒரு வாரம் மட்டும் வீட்டில் அவள் குரல் கேட்டது. அது அவளுக்கே துணையாக இருந்தது.

வியாழக்கிழமைக்குள் ஒருவழியாக உகரம் ஒழிந்தது. "போதும்மா, இனிமே நான் சொல்லிக்குடுக்க ஒண்ணும் இல்ல," என்றாள் நஸ்ரீன்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. வரமாட்டேன். அவளப் பாத்துட்டு திங்கக்கெழம வரேன் மிஸ்."

"வாங்க," என்றாள் நஸ்ரீன்.

திங்கட்கிழமை காலையில் நஸ்ரீன் கதவைத் திறந்தபோதே பச்சையம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் இல்லை. வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மிஸ். அப்பிடியே அவுங்க அப்பா மூக்கு."

உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபிறகு சொன்னாள். வேலூரில் ஓர் ஓட்டல் ரூம். சென்னை அம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டாள். மகள் உயரமாக இருந்தாள். இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மகள் இவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். காய்த்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். இருவரும் அழுதார்கள்.

"அப்பறம் நான் சொன்னேன் மிஸ். தப்பில்லாம சொன்னேன். ‘ஐ ஹேட் பீன் கமிங்’."

"அவ என்ன சொன்னா?"

"அப்பிடியே என்னப் பாத்தா. அப்பறம் மெதுவா கேட்டா. ‘அன்ட்டில் வென்?’ எனக்குப் புரியல. இன்னொரு வாட்டியும் கேட்டா. ‘அன்ட்டில் வென்?’"

"நீங்க?"

"சிரிச்சேன். ‘எஸ்’ன்னேன்."

நஸ்ரீன் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கையை எடுத்துக்கினா மிஸ். தண்ணி குடிக்கிறதுக்குத்தான் எடுத்தா. ஆனா குடிச்சிட்டு திருப்பி வெக்கல." பச்சையம்மாள் தன் கையைப் பார்த்தாள். "நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா?"

"அந்தச் சென்னை அம்மாவ கேக்கலயா?"

"கேக்க வெக்கமா இருந்திச்சு. நானே சொல்றேன்னு பெருமையா வெளிய அனுப்பிட்டேனே. இன்னிக்கு மத்தியானம் இன்னொரு வாட்டி வரச்சொல்லியிருக்கா. அதோட ஊருக்குக் கெளம்புறா."

நஸ்ரீன் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டாள். "‘அன்ட்டில் வென்’னா, எதுவரைக்கும்னு அர்த்தம்மா. எதுவரைக்கும் வந்துக்கிட்டிருந்தீங்கன்னு கேட்டிருக்கா. ‘ஹேட் பீன்’னு சொன்னாலே அது ஒருநாள் நின்னுபோச்சுன்னு ஆகுது. எப்ப நிறுத்தினீங்க, அதத்தான் கேட்டிருக்கா."

"நான் எங்க மிஸ் நிறுத்தினேன்?"

"குழந்தை போயிட்டான்னு கேட்டுல சொன்னாங்களே. அதுக்கப்புறம் போயிருக்க மாட்டீங்க இல்ல?"

பச்சையம்மாள் புரியாமல் அவளைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம வரமாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேனே மிஸ்."

"அந்த இல்லம் இன்னும் இருக்கா?"

"அது எப்பவோ போச்சு. இடிச்சிட்டு கல்யாண மண்டபம் கட்டிட்டாங்க."

"அங்க போய் என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது. எதிர்ல பஸ் ஸ்டாப்பு கீது. செத்த நேரம் ஒக்காந்துட்டு வந்துடுவேன். சில நாளு கல்யாணக்காரங்க பாத்துட்டு, சாப்ட்டுட்டுப் போம்மான்னு கூப்டுவாங்க. நான் போறதில்ல."

"பொண்ணு கிடைச்சிட்டான்னு தெரிஞ்சப்புறமும் போனீங்களா? இந்த வெள்ளிக்கிழமையுமா?"

"அவ சனிக்கெழமதான மிஸ் வந்தா."

"எதுக்கும்மா போனீங்க? யாருமே இல்லயே அங்க."

இவ்வளவு படித்த மிஸ் இதைக் கேட்கிறாளே என்று இருந்தது பச்சையம்மாளுக்கு.

"வரேன்னு சொல்லிட்டு வந்தேன் மிஸ்," என்றாள்.

கீழே அண்டாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நஸ்ரீன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கோயில் என்று தானாக நினைத்துக்கொண்டு, போவதை நிறுத்திவிட்டவளுக்கான காலத்தைப் பாடம் நடத்திவிட்டாள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு வலித்தது.

பலகையில் வியாழக்கிழமை எழுதிய வரி அழிக்காமல் அப்படியே இருந்தது. நஸ்ரீன் அதன் அருகில் போனாள். ‘ஹேட்’ என்ற சொல்லில் கடைசி எழுத்தை மட்டும் விரலால் அழித்தாள். அந்த இடத்தில் ‘வ்’ என்று எழுதினாள்.

"படிங்க."

"ஐ... ஹேவ்... பீன் கமிங்."

"இன்னொரு தடவை."

"ஐ ஹேவ் பீன் கமிங்." பச்சையம்மாள் எழுந்து வந்து பலகையைக் கிட்டத்தில் பார்த்தாள். "ஒரு எழுத்துதான மிஸ் மாத்தினீங்க?"

"ஒரு எழுத்துதான்."

"இத சொன்னா எதுவரைக்கும்னு கேக்கமாட்டாளா?"

"கேக்கமாட்டா."

பச்சையம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"தமிழ்ல இதுக்கு இன்னா மிஸ் அர்த்தம்?"

நஸ்ரீனுக்கு வீட்டில் உருது. பள்ளிக்கூடத்தில் படித்தது புத்தகத் தமிழ். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், ஊர்ப் பேச்சு அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. எந்தத் தமிழில் சொல்வது என்று கொஞ்சம் தேடினாள். பிறகு எதிரில் நின்றவளுடைய தமிழிலேயே சொன்னாள்:

"வந்துக்கினே கீறேன்."